நான் நிரப்பிய இரண்டு காலிக் கட்டங்கள்

சென்ற ஆடி கடைசி வெள்ளிக்கிழமை காலை எட்டேகால் மணிக்கு என் கைபேசி அடித்தது. காளிராஜைக் காணவில்லை என்றார்கள். அவன் எப்போதிலிருந்து காணவில்லை என்பதைத் தேட வேண்டியவர்களுக்குச் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். நான் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

சபையாரே, என்னை உங்களுக்குத் தெரியும். பதினெட்டு வருடம் நம் சபையின் செயலாளராக இருந்தவன். என் கையெழுத்தைப் புகழாதவர்கள் இல்லை. என் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருந்ததில்லை என்று நானே பல தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமையைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுபத்து நான்கு வயதில், மனதில் பாரம் இல்லாமல் எழுதுகிறேன். அந்த நிம்மதி எப்படி வந்தது என்பதே என் சாட்சி.

முதலில் அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, நான்கு கால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கலாம், அவ்வளவுதான். விருதுநகரில் எங்கள் தெருவைத் தாண்டி நான் போகாமலே மாதங்கள் கடந்தன. அப்போதுதான் நம் சபையைச் சேர்ந்த ஜெயராணி ஒரு வேலையோடு வந்தாள். சிவகாசியின் விளிம்பில் அவள் ஒரு வீட்டை நடத்துகிறாள். குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, பதினெட்டு முடிந்து வெளியே வரும் பிள்ளைகளுக்கான வீடு. அதை விடுதி என்று சொல்ல முடியாது. நான்கு பிள்ளைகள், ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. வேலைக்குப் போவார்கள். தாங்களே பொங்கித் தின்பார்கள். பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர் என்று துணைக்கு ஆட்கள் இருப்பார்கள்.

அந்தத் துணையாட்களுக்கு எழுத நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. ஒவ்வொரு வேளையும் நடந்ததைக் கைபேசியில் பேசி எனக்கு அனுப்புவார்கள். நான் அதைக் கேட்டு, கணினியில் பதிவேடாக எழுத வேண்டும். யார் எத்தனை மணிக்கு வீட்டில் இருந்தார், சாப்பிட்டாரா, மாத்திரை எடுத்தாரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். யார் எந்த வேளைக்கு என்று வேலை முறை போடுவது, அதிகாரிகளுக்கு மாத அறிக்கை அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. கட்டிலை விட்டு இறங்காமலே செய்யலாம்.

சந்தோஷமாகச் செய்தேன். ஒருவன் முதல் சம்பளத்தில் வாங்கிய சட்டை, இன்னொருத்தி அடிப்பிடிக்க வைத்த ரசம் எல்லாம் என் காதுக்கு வரும். ரசம் எப்படி அடிப்பிடிக்கும் என்று என் மனைவி எஸ்தர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பார்த்தே இராத அந்த நான்கு பேரும் எங்கள் வீட்டில் குடியிருப்பதுபோல இருந்தது. ஆனால் பதிவேட்டில் ரசத்துக்குக் கட்டம் இல்லை. அதனால் எழுத மாட்டேன்.

காளிராஜுக்கு வயது பத்தொன்பது. காலண்டர் அச்சகத்தில் அட்டை ஒட்டும் வேலை. சிறு வயதிலிருந்தே வலிப்பு உண்டு. காலையும் மாலையும் மாத்திரை போட்டால் எல்லாரையும்போல இருப்பான். இரண்டு வேளை தவறினால் விழுந்துவிடுவான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல வியாழன் மாலையின் குரல் பதிவுகளைக் கேட்டேன். பகல் துணையாள் முத்துலட்சுமி தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று மாலை ஆறரைக்கே கிளம்பியிருந்தாள். ராத்திரி ஆள் ஒன்பதுக்குத்தான் வந்திருக்கிறார். மற்ற மூவரைப் பற்றிச் சொன்னார். காளிராஜைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏழு மணிக் கட்டம் காலி. ஒன்பது மணிக் கட்டம் காலி.

நான் செய்திருக்க வேண்டியது என்ன? ஒரு போன் போட்டு, "தம்பி, காளிராஜைப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருக்க வேண்டும். ராத்திரி முழுக்க விழித்த மனிதரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். புதன்கிழமைக் கட்டங்களைப் பார்த்தேன். அதையே எடுத்து வியாழக்கிழமையில் ஒட்டினேன். ஏழு மணி: வீட்டில் இருக்கிறார், மாத்திரை எடுத்தார். ஒன்பது மணி: அறையில் இருக்கிறார்.

ஒரு கணமும் தயங்கவில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இது எனக்குப் பழகிய வேலை.

நான் முப்பத்தோரு வருடம் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அலுவலக மேலாளராக இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம், அது மூடி வெகு காலமாகிறது. பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதி இருக்கிறது. வெடிமருந்து அடைக்கும் அறை என்றால் நான்கு பேர். தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கும்போது ஐந்தாவதாக ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். அந்த ஆளுக்குப் பதிவேட்டில் பெயர் ஏறாது. "பேர் ஏறாத ஆள்" என்றே சொல்வோம். அதிகாரி வரும் நாளுக்கு முன் பதிவேட்டில் காலியாகக் கிடக்கும் கட்டங்களை எல்லாம் நிரப்புவோம். கட்டம் காலியாக இருந்தால் கேள்வி வரும். நிரம்பியிருந்தால் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இதை என்னைவிட அழகாகச் செய்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் மதியம் மருந்து அறை வெடித்தது. லோடு ஏற்றும் வேலையில் இருந்த வேல்ச்சாமிதான் முதலில் ஓடியவர். அவரும் இன்னும் சிலரும் நான்கு பேரை வெளியே இழுத்துப் போட்டார்கள். வேல்ச்சாமி புகை படிந்த முகத்தோடு என்னிடம் வந்தார். நான் வாசலில் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஓர் அதிகாரி நின்றார்.

"ஐயா, அந்த ரூம்ல எத்தன பேரு?"

"நாலு."

"பேச்சியம்மாக்கா இருந்துச்சே ஐயா? காலையில நான் பார்த்தேனே?"

எனக்குத் தெரியும். காலையில் அந்த அம்மாவை அந்த அறைக்கு அனுப்பியவனே நான்தான். நான் பதிவேட்டைத் திறந்து பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

"ரெஜிஸ்டர்ல நாலு பேர்தான்" என்றேன்.

அந்த அறையில் தேடுவதை நிறுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். சாயங்காலம் விழுந்த சுவரை அகற்றும்போது பேச்சியம்மாள் கிடைத்தார். அப்போதே உயிர் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். நான் அந்த வார்த்தையை இருபத்திரண்டு வருடம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரிய முடியாதபடி செய்தவன் நான். அதற்குப் பிறகு அறிக்கையில், அவர் வேலையாள் இல்லை, யாரையோ பார்க்க உள்ளே வந்த வெளியாள் என்று என் முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எஸ்தரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு ஆராதனையிலும் பாவ அறிக்கை செய்தேன், எல்லாரோடும் சேர்ந்து, பொதுவாக. இந்தக் கட்டத்தை மட்டும் ஆண்டவருக்கு முன்பாகவும் மூடி வைத்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். எட்டேகாலுக்கு ஜெயராணிதான் அழைத்தாள். ஒரு கூட்டத்துக்காக அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாள்.

"ஐயா, காளிராஜு ரூம் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கா முத்துலட்சுமி. சத்தமே இல்ல. வேற சாவி போட்டுத் திறந்தா ஆள் இல்ல. நல்லவேளை, ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் இருந்திருக்கான், மாத்திரையும் போட்டிருக்கான். ஷீட்ல பார்த்தேன். விடியக்காலம் எந்திரிச்சு எங்கயோ போயிருக்கான். டீக்கடைப் பக்கம்தான் நிப்பான். பயப்படாதீக, என்ன?"

என்னைப் பயப்படாதே என்கிறாள்! நான், "சரிம்மா" என்றேன்.

அந்தச் "சரிம்மா"வுக்குப் பிறகு கண்ணை மூடி ஜெபம் செய்தேன். என்ன ஜெபம் என்று மறைக்காமல் எழுதுகிறேன். "ஆண்டவரே, பையன் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடட்டும். நான் எழுதியது யாருக்கும் தெரியாமல் போகட்டும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பையனுக்காகக் கேட்பதுபோல எனக்காகத்தான் கேட்டேன். ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது. சுற்றிலும் உள்ள டீக்கடைகள், பேருந்து நிறுத்தம், அச்சகம் எல்லாம் பார்த்துவிட்டார்களாம். ஜெபம் சுவரில் எறிந்த பந்துபோல என்னிடமே திரும்பி வந்தது.

பத்து மணிக்கு மேல் எஸ்தர் தட்டை எடுக்க வந்தாள். இட்லி தொடாமல் கிடந்தது.

"என்ன, இட்லிக்கு மாலை போட்டுக் கும்பிடப் போறீகளா?"

"காளிராஜைக் காணோமாம்."

"தெரியும். ஜெயராணி எனக்கும் சொல்லுச்சு. மாத்திரை போட்டிருக்கான்ல, பயமில்ல." தட்டை எடுத்தவள் திரும்பிப் பார்த்தாள். "போட்டானா?"

எஸ்தர் முப்பத்தைந்து வருடம் அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள். நோயாளி மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"எழுதியிருக்கேன்" என்றேன்.

"எழுதியிருக்கீக, சரி. யாரு சொன்னா?"

நான் கணினித் திரையைப் பார்த்தேன்.

"உங்களத்தான் கேக்கறேன். அவன் மாத்திரை போட்டான்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை, எஸ்தர். கட்டம் காலியா இருந்துச்சு."

அவள் கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கைபேசியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "வியாழன் சாயங்காலத்துல இருந்து மாத்திரை இல்லன்னா, இந்நேரம் ரெண்டு வேளை போச்சு" என்றாள். "போனைப் போடுங்க. உங்க கௌரவத்தை நாம அப்புறமாப் பொறுக்கிக்கலாம்."

எனக்கு விரல் வரவில்லை. அப்போது என் கண்ணில் நின்றது காளிராஜ் அல்ல. அவன் முகமே எனக்குத் தெரியாது. பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஒரு மனிதன்தான் தெரிந்தான். அன்றைக்கு அறைக்குள் இருந்த ஒருத்தியை என் பேனா இல்லை என்றது. இன்றைக்கு இல்லாத ஒருவனை இருக்கிறான் என்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் நான் மாறவே இல்லை.

அப்போதுதான் உண்மையாக ஜெபித்தேன். மூன்றே வாக்கியம். "ஆண்டவரே, அந்த மருந்து அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். எனக்குத் தெரியும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும், இந்தப் பிள்ளையைத் தாரும்." எஸ்தர் பக்கத்தில் நின்றாள். அவள் காதில் விழும்படி சத்தமாகவே சொன்னேன். சொல்லி முடித்ததும் ஜெயராணிக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நேத்து சாயங்காலம் ஏழு, ஒன்பது ரெண்டும் நான் இட்டுக்கட்டி எழுதினது. யாரும் அவனைப் பார்க்கலை. மாத்திரை போட்டானான்னு தெரியாது. நேத்து அச்சகம் விட்டதில இருந்தே அவனைக் காணோம்னு வச்சுக்கோ."

ஜெயராணி மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் ஐயா?"

"காலியா இருந்துச்சும்மா."

"காலியா இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே ஐயா! நான் தினம் காலையில ஷீட்டைத் திறந்து மொதல்ல பார்க்கறதே எது காலியா இருக்குன்னுதான். காலிக் கட்டம்தான் ஐயா எனக்குச் சேதி. நீங்க நிரப்புனதெல்லாம் சும்மா எழுத்து."

முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் எந்த அதிகாரியும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அவள் அழுதாளா, திட்டினாளா என்று நினைவில்லை. போலீசுக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

எஸ்தர், "அந்தப் பிள்ளை எங்க போவான்? யோசிங்க. அவன் கதையெல்லாம் தினம் கேக்கறது நீங்கதானே" என்றாள்.

நான் எதைக் கேட்டேன்? கட்டத்துக்கு வேண்டியதை மட்டும் கேட்டேன். ஆனால் குரல் பதிவுகள் கைபேசியில் அப்படியே இருந்தன. அந்த வாரத்தின் முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். எஸ்தரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். செவ்வாய்க்கிழமைப் பதிவில், ரசம், கரண்ட் கட்டு எல்லாம் சொல்லி முடித்த பிறகு, முத்துலட்சுமி சிரித்துக்கொண்டே சொல்கிறாள்:

"அப்புறம் ஐயா, இந்தக் காளிராஜு தொல்லை தாங்கல. மஞ்சச் சேலை கட்டுன ஆளுக எப்ப நடப்பாக, எப்ப நடப்பாகன்னு மூணு தடவ கேட்டுட்டான். பானக்கம் குடுப்பாகளாம், நல்லா இருக்குமாம்."

எஸ்தர் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அன்று ஆடி கடைசி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஊர் ஊராக ஜனங்கள் நடக்கும் நாள். சிவகாசியிலிருந்து சாத்தூர் வழியாக வியாழன் சாயங்காலமே கூட்டம் கிளம்பிவிடும். செவ்வாய்க்கிழமையே அவன் சொல்லிவிட்டான். அதற்குக் கட்டம் இல்லை என்று நான் விட்டுவிட்டேன்.

ஜெயராணிக்குச் சொன்னேன். உடனே சாத்தூர்ப் பாதையில் கார் எடுத்தாள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் கார் என்ன வேகத்தில் போகும்? லட்சம் ஜனங்களில் ஒரு பையனை யார் தேடுவார்? எனக்கு ஓர் ஆளைத் தெரியும். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் போடுபவர். இருபத்திரண்டு வருடமாக அவர் வரும் கல்யாணத்துக்கு நான் போனதில்லை. எதிரே வந்தால் அடுத்த தெருவுக்குள் திரும்பியிருக்கிறேன். வேல்ச்சாமி.

நம்பரை எஸ்தர் எங்கோ கேட்டு வாங்கினாள். போன் போட்டேன். பின்னால் உறுமி மேளச் சத்தம். இடையில் அவர் குரல்.

"யாரு? ஞானதுரை ஐயாவா? மேனேஜர் ஐயாவா? அடேயப்பா! எம்புட்டு வருசமாச்சு! உசுரோட இருக்கீகளா?"

விஷயத்தைச் சொன்னேன். ஜெயராணியிடம் பையனின் படத்தை வாங்கி அனுப்பினேன். வலிப்பு உள்ளவன், மாத்திரை போடவில்லை என்றேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு உறுமிச் சத்தத்தைவிட்டு எங்கோ ஒதுங்கி வந்து, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்.

"எத்தன ஆளு ஐயா தேடணும்? இந்தத் தடவ கணக்கு சரிதானா?"

"ஒரு ஆள், வேல்ச்சாமி. சரியான கணக்கு" என்றேன். "அன்னைக்கு அஞ்சு பேர். எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் ஐயா" என்றார். "சரி, வைங்க. இப்ப இவனப் பார்ப்போம்."

அதற்குப் பிறகு நடந்ததை வேல்ச்சாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன் பந்தலில் இருந்த ஆட்களில் பாதிப் பேரைச் சாத்தூர்ப் பக்கமும் பாதிப் பேரைக் கோயில் பக்கமும் விரட்டிவிட்டு, அவர் ஆற்றுப் பக்கம் போயிருக்கிறார். படித்துறைக்கு மேலே ஓர் இடத்தில் ஜனங்கள் வட்டமாக நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பையன் மண்ணில் கிடந்து துடிக்கிறான். சாமி வந்திருக்கிறது என்று நினைத்து யாரும் தொடவில்லை. சிலர் அருள்வாக்குக் கேட்கக் காத்து நின்றார்கள். அவர்கள்மேல் நான் குறை சொல்ல மாட்டேன். அருள் வருவதை ஆயிரம் தடவை பார்த்த கூட்டம் அது. பயபக்தியோடுதான் நின்றார்கள்.

ஒரே ஒரு அம்மா, மஞ்சள் சேலை கட்டி மடிப்பிச்சை எடுத்து நடந்து வந்தவர், மட்டும் உட்கார்ந்து அவன் தலை கல்லில் மோதாமல் தன் துணி மூட்டையை அடியில் கொடுத்திருக்கிறார். "சாமியா இருந்தா என்னைக் கோவிச்சுக்கட்டும். எனக்கு என்னமோ புள்ளையாத் தெரியுது" என்றாராம்.

வேல்ச்சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். "ஏலே, தள்ளுங்கலே! சாமி இல்லலே, வலிப்பு! காத்து விடுங்கலே!" அந்த அம்மாவும் அவரும் சேர்ந்து பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். பக்கத்தில் இருந்த மருத்துவ முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த மருத்துவரின் முதல் கேள்வி, "கடைசி மாத்திரை எப்போது?" என்பதுதான். வேல்ச்சாமி போனில் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன்.

"நேத்துக் காலையில. அதுக்குப் பிறகு இல்லை. இது உறுதி."

அந்த இரண்டு கட்டங்களும் பொய்யாகவே இருந்திருந்தால், அந்த மருத்துவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

மதியம் ஒன்றரைக்கு ஜெயராணி அழைத்தாள். காளிராஜ் கண் விழித்துவிட்டான். நன்றாகப் பேசுகிறான். சாயங்காலம் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகலாம் என்கிறார்கள். கிளம்பச் சொன்னால், இன்னும் பானக்கம் குடிக்கவில்லை என்று அடம்பிடிக்கிறான். அந்த மஞ்சள் சேலை அம்மா ஒரு செம்பு வாங்கி வந்து கொடுத்த பிறகுதான் காரில் ஏறினானாம். எஸ்தர் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஆறிய இட்லியை நான் சாப்பிட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான இட்லி சாப்பிட்டதில்லை.

சபையாரே, என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. அந்தப் பதிலைக் கொண்டுவந்தவர்கள் நான் இருபத்திரண்டு வருடமாக முகம் பார்க்க அஞ்சிய மனிதரும், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு நடந்த ஓர் அம்மாவும். இருக்கன்குடிக் கூட்டத்தால் பேருந்து கிடைப்பதில்லை என்று வருடாவருடம் சலித்துக்கொண்டவன் நான். கர்த்தர் யாரை அனுப்புவார் என்று நாம் அவருக்கு வேலை முறை போட்டுத் தர முடியாது.

ஜெயராணி என்னை வேலையைவிட்டு நிறுத்துவாள் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். அவள் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு, "இனிமே நீங்க பொய் எழுத மாட்டீக. புதுசா வர்ற ஆளுக்கு அந்த உத்தரவாதம் நான் எங்க போய் வாங்கறது?" என்று அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஆனால் ஜெபத்தின் முதல் வாக்கியம் இன்னும் பாக்கி இருந்தது. அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள் என்று ஆண்டவரிடம் சொல்லியாயிற்று. சொல்ல வேண்டிய இடம் வேறு.

ஆவணியில் ஒரு நாள் வேல்ச்சாமி ஆட்டோ கொண்டுவந்தார். ஊன்றுகோலையும் ஏற்றிக்கொண்டு எம். புதுப்பட்டிக்குப் போனோம். பேச்சியம்மாளின் மகள் சண்முகத்தாய் அங்கேதான் இருக்கிறாள். தாய் இறந்தபோது பதினோரு வயது. இப்போது வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். நான் யார் என்று வேல்ச்சாமி சொன்னதும் தையல் மிஷினை நிறுத்தினாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் அனுப்பித்தான் அவள் அம்மா அந்த அறைக்குப் போனார், நான்தான் இல்லை என்றேன், நான்தான் வெளியாள் என்று எழுதினேன்.

அவள் மிஷினில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு" என்றாள். "அவ அங்கன யாரைப் பார்க்கப் போனா, யாரைப் பார்க்கப் போனான்னு. ஊர்ல ஆளுக்கொரு கதை கட்டுனாக. நான் சொன்னேன், அம்மா வேலைக்குத்தான் போச்சு, தூக்குவாளியை நான்தான எடுத்துக் குடுத்தேன்னு. சின்னப் புள்ள சொன்னா யாரு கேப்பா?"

எனக்கு இது தெரியாது. ஓர் உயிரை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். இறந்தவளின் மானத்தையும் என் பேனா எடுத்திருக்கிறது. அவள் காலில் விழக்கூட என் இடுப்பு மடங்காது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழாதீக. அழுது என்ன ஆகும்" என்றாள். உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து நீட்டினாள். "எழுதித் தாங்க."

அப்போதுதான் உட்காரச் சொன்னாள். எழுதினேன். பேச்சியம்மாள் அன்று அந்த அறையில் ஐந்தாவது ஆளாக வேலையில் இருந்தார். என் சொற்படியே அங்கே போனார். அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாதவன் நான். தேடியவர்களிடம் பொய் சொன்னவன் நான். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். இதன் நகலை அரசு அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். அவர்கள் கூப்பிட்டால் போவேன்.

சண்முகத்தாய் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பிறகு தாளைத் திருப்பித் தந்தாள்.

"அம்மா பேரு சின்னதா இருக்கு. மேல பெருசா எழுதுங்க."

பெரியதாக எழுதினேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்துவிட்டு வந்தோம். ஆட்டோ விருதுநகர் வந்ததும் வேல்ச்சாமி, "இனிமே என்னப் பார்த்தா அடுத்த சந்துக்குள்ள திரும்பாதீக ஐயா. உங்க இடுப்புக்கு ஆகாது" என்றார்.

இப்போதும் தினமும் காலை ஆறு மணிக்கு அந்த நான்கு பிள்ளைகளின் நாளைக் கேட்கிறேன். குரல் சொல்லாததை நான் எழுதுவதில்லை. என் பதிவேட்டில் காலிக் கட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு போன் போடுகிறேன். "கட்டத்தில் அடங்காதவை" என்று கடைசியில் ஓர் இடம் சேர்த்திருக்கிறேன். ரசம்கூட இப்போது பதிவேட்டில் ஏறுகிறது. நான் நன்றாகத் தூங்குகிறேன். எஸ்தர் என் குறட்டையைப் பற்றிப் புகார் சொல்கிறாள்.

இதை வாசிக்கிற யாருக்காவது உள்ளே மூடி வைத்த ஒரு கட்டம் இருந்தால், அதை ஆண்டவருக்கு முன்பாகத் திறந்து காட்டுங்கள். அழகாக நிரப்பிக் கொடுக்காதீர்கள். முதலில் பயமாகத்தான் இருக்கும். நான் வயதான காலத்தில், வெட்கத்தோடு, இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறந்தேன். அப்போதும் அவர் என்னைக் கைவிடவில்லை. நீங்கள் அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

நேற்றுக் காலை துணையாட்களின் பதிவுகளுக்கு நடுவில் காளிராஜே பேசி அனுப்பியிருந்தான்.

"தாத்தா, நேத்து சாயங்கால மாத்திரை போட்டுட்டேன். முத்துலட்சுமியக்கா பார்த்துச்சு. நீங்க பார்க்கலல்ல? அதனால அக்காகிட்ட கேட்டுட்டு எழுதுங்க."

கேட்டுவிட்டுத்தான் எழுதினேன்.